மஞ்சள் தோளுக்கு, மற்றது காலுக்கு

மார்கரெட்டுக்குப் பழைய துணியைப் பிரிப்பதில் இருக்கும் ஆசை புதுத் துணியை வெட்டுவதில் கிடையாது. எவ்வளவு வெளுத்துப்போன பேன்ட்டாக இருந்தாலும் கால் மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு விரல்கடை அகலத்துக்கு, வாங்கிய அன்று இருந்த நிறம் அப்படியே உட்கார்ந்திருக்கும். வெயில் தொடாத நிறம். வருஷக்கணக்காகப் பார்த்துச் சலித்திருக்க வேண்டியவள், இன்றைக்கும் முதல் தடவை பார்ப்பவளைப் போல "இங்க பாருங்களேன், இங்க பாருங்களேன்" என்று புருஷனைக் கூப்பிடுவாள். எலியாஸும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு "ஆங், பாத்தேன்" என்பார். பார்த்திருக்க மாட்டார்.

திருத்தணியில், மலைப்படிகள் தெரிகிற தெருவில் அவர்கள் வீடு. முன்னறையில் இரண்டு தையல் மெஷின். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தவள், ஒருமுறை தங்கை பெபியின் மகனுக்குப் பழைய சட்டைப் பாக்கெட்டில் பாஸ்போர்ட் வைக்கிற மாதிரி கழுத்துப் பை ஒன்று தைத்துக் கொடுத்தாள். அதை அவன் துபாயில் யாரிடமோ காட்ட, அவர் இன்னொருவரிடம் காட்ட, இப்போது ஜீன்ஸ் காலில் வெட்டுத்துணி அடைத்த கழுத்துத் தலையணை, புடவையில் தோள்பை, சட்டைத்துணியில் செருப்புப் பை என்று பயணச் சாமான்கள்தான் அவளுக்கு வேலை. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இத்தனை பேர் பிளேன் ஏறுகிறார்களா என்பது அவளுக்கு இன்னும் தீராத ஆச்சரியம். அவரவர் வீட்டுப் பழந்துணியை அவரவரே கொண்டுவர வேண்டும். துவைக்காத துணிமேல் கத்தரி வைக்கமாட்டாள். அது ஒன்றுதான் அவள் கடைச் சட்டம்.

அந்தச் சட்டம்தான் இந்த முறை ஆளைக் கவிழ்த்தது.

பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி சுந்தரமூர்த்தி. ஆடிக் கிருத்திகைக்கு வருஷாவருஷம் தன் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு காவடி எடுத்துத் திருத்தணிக்கு நடந்து வருகிற ஆள். எலியாஸ் ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்த காலத்தில், கேட் மூடியிருக்கும்போது வெயிலில் நிற்கிற காவடிக்காரர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பார். அப்படி ஆரம்பித்த சிநேகம். ஒருவர் மலையேறுகிற ஆள், ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள். கிறிஸ்துமஸ் கேக் பள்ளிப்பட்டுக்குப் போகும், பொங்கல் கரும்பு திருத்தணிக்கு வரும். ஒருநாளும் சின்ன மனவருத்தம்கூட வந்ததில்லை.

இந்தத் தைப்பூசத்துக்கு சுந்தரமூர்த்தியின் கூட்டம் மலேசியாவில் பத்துமலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. ஊரில் எல்லோருமே அதுவரை பிளேனை நிமிர்ந்து பார்த்ததோடு சரி. பைகள் தைக்கத் துணியை எடுத்துக்கொண்டு அவர் வந்த அன்று மார்கரெட் வீட்டில் இல்லை. அம்மையார்குப்பத்தில் பெபி வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள்.

"பெரிய மூட்ட வேண்டுதல் வேட்டிங்க, எலியாசு" என்றார் சுந்தரமூர்த்தி. "மஞ்சத்தண்ணில நனச்சி கட்டிகினு நடந்ததுங்க. தூக்கிப் போடவும் மனசு வரல, கிழிச்சி வெளக்கு தொடைக்கவும் மனசு வரல. பொட்டில அடுக்கி அடுக்கி வெச்சிருந்தோம். இது தோள்பைக்கு. விபூதி, சந்தனம், பூஜ சாமானெல்லாம் இதுலதான் போவணும். சின்ன மூட்ட வீட்டுல கெடந்த பழசு. அது செருப்புப் பைக்கு."

"நீ போ நைனா, நான் சொல்லிக்கிறேன்" என்றார் எலியாஸ். நீளமாகச் சொன்னதையெல்லாம் தன் வசதிக்குச் சுருக்கி மனதில் போட்டுக்கொண்டார். மஞ்சள் தோளுக்கு, மற்றது காலுக்கு.

அதோடு விட்டிருந்தால் ஒரு கதையும் இல்லை. மனைவி வருவதற்குள் துணியைத் துவைத்து வைத்தால் நல்ல பெயர் கிடைக்குமே என்று அவருக்குத் தோன்றியது. வாழ்நாளில் ஒரு கைக்குட்டை கசக்காத மனிதர், இரண்டு மூட்டையையும் வாஷிங் மெஷினில் மாற்றி மாற்றிப் போட்டு, சோப்புத்தூளை அள்ளி அள்ளிக் கொட்டினார். மெஷின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ரத்தமாகச் சுழன்றுகொண்டிருந்தது. எடுத்தால் வேட்டிகளெல்லாம் செங்கல் நிறம். சாயம் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது என்று பயந்துபோய், மாடியில் காயவைத்து, எல்லாவற்றையும் ஒரே குவியலாக மடித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மஞ்சளில் சோப்போ சுண்ணாம்போ பட்டால் சிவக்கும் என்பது இந்த ஊரில் ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எலியாஸுக்கே கல்யாணத்தன்று ஆரத்தி சுற்றியிருக்கிறார்கள். அந்தத் தட்டில் என்ன கரைத்தார்கள் என்று எந்த ஆம்பிளை கேட்டான்?

மார்கரெட் நல்ல ஜலதோஷத்தோடு திரும்பி வந்தாள். மூக்கு இரண்டும் அடைப்பு. மஞ்சள் வாசனை என்ன, மீன் வாசனையே தெரியாத நிலைமை.

"மஞ்சளெல்லாம் தோள்பைக்காம், பூஜை சாமான் வெக்க. மத்ததெல்லாம் செருப்புப் பைக்காம்" என்றார் எலியாஸ். "எல்லாத்தையும் நானே தொவைச்சிட்டேன்."

"நீங்களா!" என்று அவள் வாய்பிளந்தாள். அந்த ஆச்சரியத்தில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

குவியலில் மஞ்சள் இருக்கத்தான் இருந்தது. நல்ல கடைச்சாய மஞ்சளில் நூல் புடவைகள். எத்தனை சோப்புக்கும் அசையாத மஞ்சள். அதையெல்லாம் ஒருபக்கம் எடுத்து வைத்தாள். செங்கல் நிற வேட்டிகளைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு சந்தேகமும் எழவில்லை. கரும்புத் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் வேட்டி, செம்மண் ஏறி ஏறி இந்த நிறத்துக்கு வந்திருக்கும், செருப்புப் பைக்கு அழுக்குத் தெரியாத நிறம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே வெட்டினாள். வெட்டித் தைத்து, வாயில் இழுப்பு நாடா கோத்து அடுக்கினாள். புடவைகளில் தோள்பை தைக்கும்போது மட்டும் ஏனோ கை மெதுவாகப் போனது. பூஜைச் சாமான் போகும் பை என்று எலியாஸ் சொல்லியிருந்தார். வேறு சாமிதான், இருந்தாலும் பிசிர் வெளியே தெரியாமல் ஒவ்வொரு ஓரத்தையும் இரண்டு தடவை மடித்துத் தைத்தாள்.

மறுநாள் கூட்டம் கிளம்புகிறது என்கிற காலையில், செருப்புப் பை ஒன்றில் துருக்கறை இருப்பதைக் கண்டாள். எப்போதோ குத்தி வைத்த ஊக்கு விட்டுப்போன கறை. துருவுக்கு எலுமிச்சையும் உப்பும்தான் மருந்து. பழத்தை அறுத்து, உப்பைத் தொட்டு, கறையின் மேல் வைத்து ஒரு தேய் தேய்த்தாள்.

செங்கல் நிறத்தின் நடுவில் பளீரென்று மஞ்சள் பூத்தது.

மார்கரெட் கையை இழுத்துக்கொண்டாள். சாறு ஓடிய இடமெல்லாம் மஞ்சளும் கூடவே ஓடியது. துணிக்குள் இத்தனை நேரம் ஒளிந்திருந்த ஒன்று அவள் விரலைப் பார்த்ததும் எழுந்து வந்ததுபோல் இருந்தது. மடிப்புக்குள் இருக்கும் பழைய நிறத்தைப் பார்த்துப் பழகியவள்தான். ஆனால் அதெல்லாம் ஒளிந்திருந்த நிறம். இது செத்துப் பிழைத்த நிறம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியே பையை முகத்தோடு வைத்து அழுத்தினாள். மூக்கடைப்பு ஓரளவு விட்டிருந்தது. சோப்பு வாசனைக்கு அடியில், ஆழத்தில், மஞ்சள். அதற்கும் அடியில் விபூதி.

"இன்னாங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் எலியாஸ் குளியலறையிலிருந்து துண்டோடு ஓடிவந்தார். பையைப் பார்த்தார். சுந்தரமூர்த்தி சொன்ன நீளமான பேச்சு முழுக்க அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வேண்டுதல் வேட்டி" என்றார். "பெரிய மூட்ட."

மார்கரெட் அடுக்கி வைத்த பைகளைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் கட்டி, வெறுங்காலோடு, அலகு குத்தி, ரோடு கொதிக்கக் கொதிக்க நடந்த வேட்டிகள். அவற்றைச் செருப்பு வைக்கிற பையாகத் தைத்து அடுக்கியிருக்கிறாள். அதுவும் யார்? சர்ச்சுக்குப் போகிற மார்கரெட். தெரியாமல் செய்தேன் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்? ஊர் பேசுவது ஒருபக்கம் இருக்கட்டும். சுந்தரமூர்த்தி அந்தப் பையைப் பார்க்கிற பார்வையை அவள் எப்படித் தாங்குவாள்? கேட்டில் மொண்டு கொடுத்த தண்ணீரில் ஆரம்பித்தது, ஒரு எலுமிச்சம்பழத்தில் முடியப்போகிறது.

"ஒண்ணு பண்ணலாம்" என்றார் எலியாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்த எடத்துல மட்டும் சோப்பு தேச்சிட்டா மறுபடி செவந்துடும். அப்படியே குடுத்துடு. யாருக்குத் தெரியப்போவுது? அவங்க சாமிக்கே தெரியாது."

"அவங்க சாமிய வுடுங்க. நம்ம கர்த்தருக்குத் தெரியுமே, அவர இன்னா பண்ணப்போறீங்க?"

எலியாஸ் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்தார். எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய வாங்கி வந்தார்.

வெட்டின துணி வெட்டினதுதான், அதை ஒட்டவைக்க முடியாது. நிறத்தையாவது திருப்பிக் கொடுப்போம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பழங்களைப் பிழிந்தார்கள். பெரிய அலுமினிய அண்டாவில் தண்ணீர் விட்டுச் சாற்றைக் கலந்து, செருப்புப் பைகளை மொத்தமாக மார்கரெட் உள்ளே இறக்கினாள். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஓரங்களில் ஆரம்பித்தது. நாடா, தையல், மடிப்பு என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு விலகி விலகி, கண்ணெதிரே அண்டா முழுக்க மஞ்சள் எழும்பியது. பொழுது விடிகிறபோது மலைக்குப் பின்னால் வருகிற நிறம். எலியாஸ் இந்த முறை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. கண்ணிலேயே வைத்துக்கொண்டு, நன்றாகப் பார்த்தார்.

"கர்த்தரே" என்றாள் மார்கரெட். பயம் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டிருக்க, அதையும் மீறி அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை அழகான ஒன்றைக் கெடுத்துவிட்டோமே என்றும் இருந்தது, இதைப் பார்க்கக் கொடுத்துவைத்ததே என்றும் இருந்தது.

மத்தியானம் பைகள் காய்ந்ததும் இரண்டு பேரும் ஸ்கூட்டரில் பள்ளிப்பட்டுப் பக்கம் கிளம்பினார்கள். சுந்தரமூர்த்தியின் வீட்டு வாசலில் ஒரே கூத்து. கூட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. பிளேனுக்கென்று வாங்கிய புது கேன்வாஸ் ஷூக்களை மாட்டிக்கொண்டு, நாற்று வயலில் நடக்கிறவர்களைப் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடை பழகிக்கொண்டிருந்தார்கள். சுந்தரமூர்த்தியின் மனைவி அன்னம்மாள் மற்ற பெண்களோடு வாசல்படியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வா எலியாசு! வாம்மா மார்கரெட்டு! பை ஆய்டுச்சா?" என்றார் சுந்தரமூர்த்தி.

மார்கரெட் பைகளைக் கட்டிலின்மேல் வைத்தாள். வழியெல்லாம் என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தவளுக்கு இப்போது நேரான வார்த்தைதான் வந்தது.

"அண்ணா, தப்பு நடந்துபோச்சி. உங்க வேண்டுதல் வேட்டில செருப்புப் பை தச்சிட்டேன். சோப்புல செவந்திருந்துச்சி, எனக்குத் தெரியல. எலுமிச்சம்பழம் பட்டப்போதான் தெரிஞ்சிது. மறைக்க மனசு வரல. அதான் வந்தோம்."

நடை பழகிக்கொண்டிருந்த கால்கள் அங்கங்கே நின்றன. சுந்தரமூர்த்தியின் மைத்துனன் வெங்கடேசன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"வேண்டுதல் துணில செருப்பு வெக்கிறதா? பாவா, இது தெரியாம பண்ணதுன்னு சொல்றாங்களே, நம்பறியா நீ? நம்ம சாமின்னா இவங்களுக்கு அவ்ளோ எளக்காரம்!"

"தொவைச்சது நானு, வெங்கடேசா. அவளச் சொல்லாத" என்று எலியாஸ் முன்னால் வந்தார்.

சுந்தரமூர்த்தி ஒரு செருப்புப் பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் என்ன இருக்கிறது என்று மார்கரெட்டால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்போது அன்னம்மாள் எழுந்து வந்தாள். அவள் செருப்புப் பைகளைத் தொடவில்லை. மஞ்சள் தோள்பை ஒன்றை எடுத்து, அதன் அடிப்பக்கத்தை விரலால் தடவினாள். சின்னதாக ஒரு ஓட்டை இருந்த இடத்தில் அதே துணியில் ஒட்டுப்போட்டிருந்தது.

"இது எம் பொடவ" என்றாள். "அடுப்புப் பொறி பட்டு ஓட்ட ஆச்சி. போன ஆடிக் கிருத்திகைல, ரோட்டோரமா சோறாக்கும்போது."

படியில் இருந்த மற்ற பெண்களும் எழுந்து வந்தார்கள். ஒருத்தி ஒரு பையைத் தூக்கி, கரையைப் பார்த்து "இது என்துடி" என்றாள். இன்னொருத்தி ஒரு பையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

அன்னம்மாள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, இந்தப் பொடவைங்க எந்த மூட்டைல இருந்துச்சி?"

வெங்கடேசன்தான் யோசிக்காமல் சொல்லித் தொலைத்தான். "செருப்புப் பைக்கு எடுத்து வெச்ச மூட்டைல, அக்கா. பழசுதானே."

"ஆங். பழசுதான்" என்றாள் அன்னம்மாள். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். "கடைல வாங்குன மஞ்சதான், மஞ்சத்தண்ணில நனச்சது இல்ல. ஆனா நீங்க நடந்த ரோட்லதான நாங்களும் நடந்தோம்? உங்க தோள்ல காவடி, எங்க தலைல உங்க சோத்துப் பான. எங்க காலும்தான் பொத்துப்போச்சி. உங்க வேட்டி பொட்டில பத்திரமா இருந்துச்சி. எங்க பொடவய எங்களக் கேக்காமயே செருப்புக்கு எடுத்து வெச்சிட்டீங்க. இந்தம்மா தெரியாம பண்ணுச்சி. நீங்க தெரிஞ்சேதான பண்ணீங்க?"

மார்கரெட் அந்தத் தோள்பைகளைப் பார்த்தாள். தன் கத்தரி எதை வெட்டி எங்கே கொண்டு வைத்திருக்கிறது என்பது இப்போதுதான் அவளுக்கே புரிந்தது. ஓரங்களை இரண்டு தடவை மடித்துத் தைத்த அந்த மஞ்சள், வருஷாவருஷம் பானை சுமந்த மஞ்சள். அவளை விடப் பெரிய கை ஏதோ அந்தத் துணிகளை இடம் மாற்றி வைத்ததுபோல் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது யாருடைய கை என்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை. அந்த மலைமேல் இருப்பவருடையதா, தான் கும்பிடுகிறவருடையதா என்று பிரித்துப் பார்க்கவும் அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை.

சுந்தரமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்தார். குனிந்து, புது ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"இன்னா பாவா பண்ற?" என்றான் வெங்கடேசன்.

"இந்த ரெண்டு பைலயும் செருப்பு போவாதுடா. விபூதிதான் போவும். அப்போ செருப்பு வூட்லயே இருக்கட்டும்."

"மலேசியாவுக்கு வெறுங்கால்லயா?"

"வேண்டுதலுக்கு மால போட்டவன் எத்தினி பேரு பிளேன்ல வெறுங்காலோட போறான். இங்கேர்ந்து தணிகைக்கு நடக்கும்போது கால்ல இன்னா மாட்டிகினு போனோம்? அங்க பிளேன்தான் பறக்கப்போவுது, நம்ம ஒக்காந்துகினுதான போறோம்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருவர் ஷூவைக் கழற்றினார். அடுத்தவர் கழற்றினார். வெங்கடேசன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றான். பிறகு அவனும் குனிந்தான். குனிந்தபடியே "நான் பேசினது தப்புதான்மா" என்று மார்கரெட்டின் காலுக்குக் கேட்கிற மாதிரி முனகினான். மார்கரெட் "பரவால்லப்பா" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. எலியாஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

சுந்தரமூர்த்தி வெறுங்காலோடு எழுந்தார். அன்னம்மாள் கையில் இருந்த பையைப் பார்த்தார். காவடியைத் தூக்குகிறவன் தானாக எடுத்துத் தோளில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதற்குரியவர் ஒருவர் எடுத்து வைக்க வேண்டும், தூக்குகிறவன் தலையைத் தாழ்த்தி வாங்கிக்கொள்ள வேண்டும். சுந்தரமூர்த்தி வேறு எதற்கும் அப்படித் தலை தாழ்த்தி அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அவர் மனைவியின் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் குவித்து, கழுத்தைத் தாழ்த்தினார்.

"எடுத்து வை, அன்னம்" என்றார்.